ஈரப்பதம் நாற்பத்தைந்து

ஹீட்டர் உறுமத் தொடங்கும் அக்டோபர் கடைசியில்
வீட்டுக் காற்று காய்ந்துபோகும்.
கதவுக் குமிழைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும்.
அன்றிலிருந்து ஏப்ரல் வரை
மூன்று நாளைக்கொருமுறை
ஒரு துண்டுப் பஞ்சை நனைத்துப் பிழிந்து
ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் இட்டு
கிட்டாரின் தலைமாட்டில் வைப்பேன்.
அதற்குக் கடையில் வாங்கிய, காய்ச்சி வடித்த நீர்.
நாங்கள் குடிப்பது துரு ருசிக்கும் கிணற்று நீர்.
பெட்டிக்குள் இருக்கும் குட்டி மானி
நாற்பத்தைந்தைத் தொட்டதும் மூடிவிடுவேன்.

பதினோரு குளிர்காலம் இப்படி.
வாசித்த நாட்களை எண்ணக் கைவிரல்களே அதிகம்.

காரணம் கேட்டால்
சொல்லிக்கொள்ள ஒரு சோகமும் இல்லை.
விரல் முறியவில்லை, யாரும் சாகவில்லை.
கனோலா கொட்டிக் கொடுத்த வருடம்
டிராக்டர் டயர் வாங்க சஸ்கட்டூன் போனவன்
இதோடு திரும்பினேன்.
டயருக்கு இன்னொரு முறை போக வேண்டியிருந்தது.
அவ்வளவுதான் கதை.
பிறகு விதைப்பு, பிறகு அறுப்பு,
பிறகு ஹாக்கி ஆட்டம், பிறகு தூக்கம்.
நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காய்.

இந்த மார்ச்சில்
கூரைப் பனி உருகிக் கூடத்துக்குள் இறங்கியது.
வெர்னா ஒன்றும் சொல்லவில்லை.
ஐஸ்கிரீம் வாளி ஒன்றைச் சொட்டுக்கு நேரே வைத்தாள்.
டொக்.
எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த வாத்தியம்
அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டுறவுக் கடைப் பலகையில்
டிராக்டர் உதிரி பாகங்களுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் நடுவே
என் சீட்டையும் குத்தினேன்.

ரெஜைனாவிலிருந்து வந்தார் கார்த் லொஸின்ஸ்கி,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
பூட்ஸை வாசலிலேயே கழற்றினார்.
கைப்பிடி நீண்ட சின்னக் கண்ணாடியை
ஒலித்துளைக்குள் விட்டு
டார்ச் அடித்துப் பார்த்தார், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல.
மரத்தின் ரேகையை எண்ணினார்.
முதுகைத் திருப்பி மோந்தார்.
நரம்பை மட்டும் தொடவில்லை.

எங்கே வைப்பீர்கள் என்றேன்.
நிலவறையில், கண்ணாடிக்குப் பின்னால்,
ஏற்கெனவே பதினெட்டு இருக்கின்றன என்றார்.
ஈரப்பதத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்,
நாற்பத்தைந்து, இம்மி பிசகாது.
வாசிப்பீர்களா?
ஐயோ, வார்னிஷ் தேய்ந்துவிடுமே.

நான் கேட்டதற்கு மேல்
நானூறு டாலர் கூட்டிச் சொன்னார்.
ஞாயிறன்று போன் செய்கிறேன் என்றேன்.

வாசிக்காமல் வைத்திருக்க எனக்கே தெரியும்.
அதற்கு எதற்கு ரெஜைனாவரை?

அன்றிரவு அதை எடுத்து மடியில் வைத்தேன்,
உரிமையை நிரூபிப்பவன்போல.
சுருதி கூட்டவே அரை மணி.
மூன்றாவது பிடியில்
ஜன்னலில் மாட்டிய ஈ மாதிரி ஒரு நரம்பு இரைந்தது.
விரல் நுனிகள் மெத்துமெத்தென்று,
என்னுடையவை மாதிரியே இல்லை.
தெரிந்த ஒரே மெட்டை ஆரம்பித்து
பாதியில் தடுமாறி நின்றேன்.
“அதே இடம்” என்றாள் வெர்னா
அடுக்களையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.
பதினோரு வருடமாய் அவளும்
அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாளா?

ஞாயிறு. எண்ணைச் சுழற்றினேன்.
விற்கவில்லை என்றேன்.
“அப்படியானால் வாசிக்கப் போகிறீர்கள்?”
ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.
“போக மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.”
கம்பியில் கொஞ்ச நேரம் வெறும் காற்று.
பிறகு, பதினெட்டு கிட்டார்களின் சொந்தக்காரர்
மெதுவாகச் சொன்னார்:
“எனக்குப் புரிகிறது.”
ஊரில் வேறு யாருக்கும்
இது புரியப்போவதில்லை.

கூரைக்குப் பனிவண்டியை விற்றுக்கொள்ளலாம்.
அல்லது கோடைவரை வாளி.
வெர்னா இன்னும் முடிவு சொல்லவில்லை.

இன்று மூன்றாம் நாள்.
வடித்த நீர்ப் புட்டி காலி.
தேடிக்கொண்டிருந்த என் முன்னால்
நிரம்பிய ஐஸ்கிரீம் வாளியை நகர்த்தி வைத்தாள்:
“உப்பில்லாத தண்ணீர்தானே வேண்டும்?”

பஞ்சை அதில் அமுக்கினேன்.
சில்லென்றிருந்தது,
நுனிவிரல்கள் கொஞ்சம் எரிந்தன.